பச்சை நார்க்கழிவு போட்ட காட்டில் மக்காச்சோளம் வெளுக்குது. போட்ட தழைச்சத்து எங்கே போகுது?

உடுமலைக்காடு:

வணக்கமுங்க. உடுமலைப் பக்கம் சுண்ணாம்புக் கரிசல், ஒரு ஏக்கர், கிணத்துப் பாசனம். கடைசி உழவுல தேங்காய் நார்க்கழிவு, மக்க வைக்காத பச்சைக் கழிவு, ஈரத்தோட சேர்த்து நாலு டன் இறைச்சு ரோட்டவேட்டர் ஓட்டியிருக்குது. மேல ஒட்டு ரக மக்காச்சோளம். அடியுரம் டிஏபி ஒரு மூட்டை, பொட்டாஷ் அரை மூட்டை.

பயிருக்கு இப்ப 24 நாள். நார்க்கழிவு விழுந்த இடமெல்லாம் வெளிர் மஞ்சள், வளர்ச்சியும் இல்லை. வண்டி ஏற முடியாம விட்டுப்போன கெழக்கோரம் நாலு சால்ல மட்டும் பயிர் கரும்பச்சையா நிக்குது. விதை, தண்ணி, உரம் எல்லாம் ஒண்ணுதான். ஆக நார்க்கழிவுதான் காரணம்னு தெரியுது. ஆனா அது எப்படி தழைச்சத்தை எடுக்கும்? அது செத்த பொருள்தானே? எடுத்தது திரும்பி வருமா, வராதா? இந்தப் பயிரை இப்ப எப்படித் தேத்துறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மண்கணக்கு:

நார்க்கழிவு எடுக்கலைங்க. அதைத் தின்னுற நுண்ணுயிர் எடுக்குது. விட்டுப்போன நாலு சால் இருக்கறதால உங்க காட்டுலயே ஒப்பீடு கிடைச்சிருக்குது.

மண்ணுல இருக்கற பாக்டீரியா, பூஞ்சாளத்துக்குக் கார்பன்தான் சோறு. நைட்ரஜன், அதாவது நீங்க சொல்ற தழைச்சத்து, குழம்பு மாதிரி. தன் உடம்பைக் கட்ட ஏறத்தாழ எட்டுப் பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் வேணும். தின்ன கார்பன்ல மூணுல ஒரு பங்குதான் உடம்பாகுது, மீதி ரெண்டு பங்கு மூச்சுல கரியமில வாயுவாப் போயிடும். ஆகத் தின்னுற பொருள்ல 24க்கு 1 என்ற அளவுல கார்பனும் நைட்ரஜனும் இருந்தா அதுக்குச் சரியாப் போகும். அதைவிட நைட்ரஜன் அதிகமா இருந்தா மிச்சத்தை மண்ணுல விடும், பயிர் எடுத்துக்கும். குறைவா இருந்தா மண்ணுல கரைஞ்சிருக்கற அம்மோனியம், நைட்ரேட்டை இழுத்துக்கும். வேரைவிட நுண்ணுயிர் எண்ணிக்கையில பல மடங்கு, ஒவ்வொரு மண் துகள் மேலயும் உக்காந்திருக்குது. அந்தப் போட்டியில வேர் ஜெயிக்காது.

பச்சை நார்க்கழிவுல இந்த விகிதம் சுமார் 112க்கு 1. கார்பன் 29 சதவீதம், நைட்ரஜன் 0.26 சதவீதம். உங்க நாலு டன்னுல பாதி ஈரம்னு வச்சா காஞ்ச எடை 2 டன். அதுல கார்பன் 580 கிலோ. மூணுல ஒரு பங்கு, 193 கிலோ, நுண்ணுயிர் உடம்பாகணும்னா அதுக்கு 24 கிலோ நைட்ரஜன் வேணும். நார்க்கழிவுக்குள்ள இருக்கறது 5 கிலோ. பற்றாக்குறை 19 கிலோ, யூரியாவாச் சொன்னா 41 கிலோ.

நீங்க போட்ட ஒரு மூட்டை டிஏபியில இருக்கற தழைச்சத்து 9 கிலோதான். நார்க்கழிவு முழுசும் ஒரே பருவத்துல மக்காது. மூணுல ஒரு பங்கு லிக்னின், அதாவது மரத்துக்கு உறுதி கொடுக்கற, லேசுல மக்காத பொருள், அது பல மாசம் இழுக்கும். ஆனா எளிதா மக்கற பாதி மட்டும் வேலை செஞ்சாலே 9 கிலோவையும் முடிச்சிடும். பயிருக்கு மிஞ்சறது ஒண்ணுமில்லை.

திரும்பி வருமான்னு கேட்டீங்க. வரும். காட்டை விட்டு வெளியே போகலை, உயிருள்ள உடம்புக்குள்ள பூட்டி இருக்குது. எளிதான கார்பன் தீர்ந்ததும் நுண்ணுயிர் பட்டினி கிடந்து சாகும். அதுகளைத் தின்னுற ஒரு செல் உயிர்களும் நூற்புழுக்களும் மிச்ச நைட்ரஜனை அம்மோனியமாக் கழிக்கும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாவும் இன்னொரு வகை நைட்ரேட்டாவும் மாத்தும். பிறகுதான் வேருக்குத் தாராளமாக் கிடைக்கும். வைக்கோல் மாதிரிப் பொருள்ல இது சில வாரத்துல நடக்கும். நார்க்கழிவுல லிக்னின் இருக்கறதால இழுத்துட்டே போகும். இந்தப் பயிர் அதுக்குக் காத்திருக்க முடியாது.

பயிர்_டாக்டர்_கோபி:

மேல சொன்ன கணக்கு சரி. ஆனா உரம் வாங்கப் போறதுக்கு முன்னால வயல்ல இறங்கி இலையைப் பாருங்க. சுண்ணாம்புக் கரிசல்ல வெளுப்பெல்லாம் தழைச்சத்துக் குறைன்னு எடுத்துக்கக் கூடாது.

தழைச்சத்துக் குறைன்னா அடி இலையிலதான் ஆரம்பிக்கும். இலை நுனியில மஞ்சள் தொடங்கி நடு நரம்பு வழியா உள்ள இறங்கும். ஓரம் இன்னும் பச்சையா இருக்கும். படுக்கப் போட்ட ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி தெரியும். பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குச் செடி கொடுக்கறதால இப்படி.

துத்தநாகக் குறைன்னா மேல் இலையில, அடிப்பாகத்துல, நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை விழும். இரும்புக் குறைன்னா குருத்து இலையில நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள், கோடு கோடா. இலை ஓரமும் நுனியும் கருகியிருந்தா உப்பைச் சந்தேகப்படுங்க. மட்டையிலேயே பொட்டாசியமும் குளோரைடும் இருக்கறதால கழுவாத நார்க்கழிவுல உப்பு ஏறும். மில்லுல உப்புத் தண்ணி புழங்குச்சுன்னா இன்னும் மோசம். ஒரு பங்கு நார்க்கழிவு, ஐந்து பங்கு நல்ல தண்ணி கலக்கி வடிச்சு மண் பரிசோதனைக் கூடத்துல மின்கடத்துத் திறன் பார்த்தா தெரிஞ்சுடும்.

தழைச்சத்துக் குறைதான்னு உறுதியானா இப்படிச் செய்யுங்க.

ஒட்டு மக்காச்சோளத்துக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து, ஏக்கருக்கு 100. அதுல கால் பங்கு அடியுரம், பாதி 25ஆம் நாள், கால் பங்கு 45ஆம் நாள். 25 கிலோ போக வேண்டிய அடியுரத்துல உங்களுக்கு 9தான் போயிருக்குது. ஆக நார்க்கழிவு இல்லாமலே குறைதான்.

25ஆம் நாள் பங்கு 50 கிலோ, யூரியாவா 109 கிலோ. பூட்டுப்பட்டதுக்கு ஈடா இன்னும் 20 கிலோ யூரியா சேர்த்துக்கங்க. மொத்தம் சுமார் 130. ஒரே தடவையில கொட்டாதீங்க. இப்ப 70, பத்துப் பன்னிரண்டு நாள் கழிச்சு 60. 45ஆம் நாளுக்கு உண்டான 54 கிலோவை வழக்கம் போலப் போடுங்க.

போடற விதம்தான் முக்கியம். தூவிவிடாதீங்க. செடிக்கு ஒரு சாண் தள்ளிச் சால் கீறி, ரெண்டு மூணு அங்குல ஆழத்துல யூரியாவை வரிசையா விட்டு, மண் அணைச்சு, அன்னைக்கே தண்ணி கட்டுங்க. ரெண்டு காரணம். ஒண்ணு, தூவினா யூரியா நார்க்கழிவோட கலந்து மறுபடியும் நுண்ணுயிருக்கே தீனியாகும். வரிசையா ஒரே இடத்துல விழுந்தா வேருக்குப் பங்கு கிடைக்கும். ரெண்டு, உங்க மண்ணுல கார அமில நிலை 8க்கு மேல இருக்கும். யூரியா சில நாள்ல அம்மோனியமா உடையும். காரமான மண்ணு மேல்பரப்புல அது அம்மோனியா வாயுவாகிக் காத்துல போயிடும். ஈரம் இருந்து வெயில் அடிச்சா இன்னும் வேகம். மண்ணுக்குள்ள இருந்தா அது ரொம்பக் குறையும்.

இலைவழியாகவும் கொடுக்கலாம், லிட்டருக்கு 10 கிராம் யூரியா, சாயங்காலம். ஆனா ஏக்கருக்கு 200 லிட்டர் அடிச்சாலும் உள்ள போறது 2 கிலோ யூரியா, ஒரு கிலோவுக்கும் குறைஞ்ச தழைச்சத்து. பச்சை திரும்பும், பசி தீராது. துத்தநாகக் குறையும் சேர்ந்து தெரிஞ்சா அதே தண்ணியில லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட் கலக்கலாம். டிஏபி கரைசலோட மட்டும் துத்தநாகத்தைச் சேர்க்காதீங்க, ரெண்டும் சேர்ந்து கரையாத வண்டலா அடியில தங்கிடும்.

உடுமலைக்காடு:

ரொம்ப நன்றிங்க. அடி இலையில நீங்க சொன்ன ‘வி’ அப்படியே இருக்குது, குருத்து பச்சையாத்தான் இருக்குது. இன்னைக்கே மண் அணைக்க ஆள் சொல்லியாச்சு.

தென்னந்தோப்புல இன்னும் ஒரு டன்னுக்கு மேல நார்க்கழிவு குவிஞ்சு கெடக்குது. அதை மக்க வச்சுப் போடணும்னா என்ன முறை? நாமக்கல் பக்கமிருந்து கோழி எருவும் லோடு வருது, அதைக் கலக்கலாமா? ஊடுபயிரா தட்டைப்பயறு போட்டா மக்காச்சோளத்துக்குத் தழைச்சத்து கொடுக்கும்னு ஒருத்தர் சொன்னாரு, அதுவும் உண்மையான்னு சொல்லுங்க.

நார்மக்கு_பொள்ளாச்சி:

முறை பழசு, நல்லா நடக்கிற முறை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற அளவு: 1 டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து. சிப்பிக்காளான் எதுக்குன்னா, லிக்னினை உடைக்கற நொதி அதுகிட்ட இருக்குது. சாதாரண பாக்டீரியாவால அது முடியாது.

குழி தோண்ட வேண்டாம். தென்னை நிழல்ல மேடான இடமா 5 மீட்டருக்கு 3 மீட்டர் சமப்படுத்துங்க. 100 கிலோ நார்க்கழிவை விரிச்சு மேல ஒரு புட்டி வித்தைத் தூவுங்க. அது மேல 100 கிலோ, அதுக்கு ஒரு கிலோ யூரியா. மறுபடி 100 கிலோ, வித்து. மாத்தி மாத்திப் பத்து அடுக்கு. உயரம் ஒரு மீட்டர் வரும். ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணி தெளிங்க, பிறகும் ஈரம் 60 சதவீதத்துல நிக்கணும். ஒரு பிடி எடுத்து ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல அழுத்துங்க. கை நனையணும், தண்ணி சொட்டக் கூடாது. நல்லா நடந்தா ஒண்ணு ரெண்டு மாசத்துல கறுப்பாகி, நிறை குறைஞ்சு, மண் வாசம் வரும்.

கெட்டுப்போற இடங்களைச் சொல்லிடறேன். வித்தும் யூரியாவும் ஒரே அடுக்குல விழுந்தா யூரியா உடையும்போது வர்ற அம்மோனியாவுல காளான் சாகும். அடுக்கை மாத்தி வைக்கிறதே அதுக்காகத்தான். நார்க்கழிவு ஒரு தடவை முழுசாக் காஞ்சுதுன்னா தண்ணியை உள்ள விடாது. மேல ஊத்தினது ஓரமா வழிஞ்சு ஓடும், பார்க்க நனைஞ்ச மாதிரி இருக்கும், உள்ள தூசியா இருக்கும். அதனால கோடையில மேல தென்னந்தடுக்கு போட்டு மூடுங்க. தண்ணி அதிகமானா காத்து போகாம அழுகல் நாத்தம் வரும். அந்த நிலையில யூரியாவுல இருந்து உண்டான நைட்ரேட்டை ஆக்ஸிஜனுக்குப் பதிலா பாக்டீரியா பயன்படுத்தி நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் விட்டுடும். நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை, நூறு வருஷக் கணக்குல கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடேத்தற வாயு. போட்ட காசும் போச்சு, காத்தும் கெட்டுச்சு. நாத்தம் வந்தா உடனே கிளறிக் காத்து விடுங்க.

மக்கினதுல கார்பன் 24.9 சதவீதம், நைட்ரஜன் 1.06 சதவீதம், விகிதம் 24க்கு 1 வரும்னு பல்கலைக்கழகக் கணக்கு. இதுல ஒண்ணு கவனிங்க. 1 டன்னுல இருந்த நைட்ரஜன் 2.6 கிலோ, 5 கிலோ யூரியாவுல வந்தது 2.3 கிலோ, மொத்தம் 4.9. அது 1.06 சதவீதமாத் தெரியணும்னா மிச்ச எடை 460 கிலோதான் இருக்க முடியும். பாதிக்கு மேல கரியமில வாயுவாகக் காத்துக்குத் திரும்பிடுச்சு. விகிதம் இறங்கினதுக்குப் பெரிய காரணம் நாம போட்ட யூரியா இல்லை, வெளியேறின கார்பன். உங்க காட்டுல நடக்க வேண்டியது தோப்பு நிழல்ல நடந்து முடிஞ்சது, அவ்வளவுதான்.

கோழி எரு தாராளமாக் கலக்கலாம். அதோட விகிதம் சுமார் 10க்கு 1, நார்க்கழிவுக்கு நேர் எதிர்ப் பக்கம். காஞ்ச எருவுல ரெண்டரை சதவீதம் நைட்ரஜன்னு வச்சா 5 கிலோ யூரியாவுக்கு ஈடா 92 கிலோ போதும். ஆனா கோழி எருவுல கண்ணு எரியற நெடி வருதே, அது அம்மோனியா, அதாவது தழைச்சத்து ஓடிட்டு இருக்குதுன்னு அர்த்தம். அந்த இழப்பையும் சேர்த்து 150 கிலோ எடுங்க. லோடு இறங்கின அன்னைக்கே ஈர நார்க்கழிவோட கலந்து மூடிடுங்க. வெயில்ல குவிச்சு வச்சா பாதி பலன் போயிடும்.

பட்டிக்காரன்_காங்கயம்:

மாடு வச்சிருக்கறவங்க யூரியா தேடிப் போக வேண்டியதே இல்லைங்க. மாடு தின்ன தழைச்சத்துல முக்கால் பங்குக்கு மேல வெளியே வந்துடும். அதுல ஏறத்தாழ பாதி மூத்திரத்துல, பெரும்பாலும் யூரியாவாகவே. கட்டுத்தரைக்கு சிமெண்டு போட்டு வாய்க்கால் விட்டுக் கழுவற பண்ணையத்துல அந்தப் பாதி சாக்கடைக்குப் போகுது. சாணியை மட்டும் அள்ளிக் குப்பைக்குழியில போட்டுட்டு எரு சரியில்லைன்னு சொல்றோம்.

பச்சை நார்க்கழிவைக் கட்டுத்தரையில நாலு அங்குலம் விரிச்சு விடுங்க. தன் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல தண்ணி குடிக்கும். மூத்திரம் முழுசும் அதுக்குள்ள நிக்கும். நார்க்கழிவு லேசான அமிலத் தன்மை உள்ளது, அம்மோனியாவை ஓரளவு பிடிச்சு வைக்கும், நெடியும் குறையும். ஈரம் ஏறின இடத்தை ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா வழிச்சுச் சாணியோட குவிங்க, புதுசு விரிங்க. கார்பன் மிஞ்சின பொருளும் நைட்ரஜன் மிஞ்சின பொருளும் அங்கேயே கட்டுத்தரையில சேர்ந்துடுது. மடிநோய் வராம இருக்க மேல்பரப்பு காஞ்சே இருக்கணும், அதுல மட்டும் சோம்பல் கூடாது.

நம்ம கொரங்காடு, அதாவது வேலி கட்டின மேய்ச்சல் காடு, பல தலைமுறையா நிக்கறதும் இதனாலதான். கிளுவை வேலிக்குள்ள கொழுக்கட்டைப்புல், வெள்வேல மரம், அதுல மேயற மாடும் ஆடும். சாணியும் மூத்திரமும் விழுந்த இடத்துலயே தங்குது. காட்டை விட்டு வெளியே போறது பாலும் வித்த கன்னும்தான். மக்காச்சோளக் காட்டுல கதிரையும் தட்டையும் (காஞ்ச தண்டும் இலையும்) சேர்த்து ஏத்தி அனுப்பிடறோம். அங்கே போன அளவுக்குத் திருப்பிக் கொடுக்காம எப்படி நிக்கும்?

மண்கணக்கு:

தட்டைப்பயறு கேள்விக்கு வர்றேன். பயறு வேர்முடிச்சுல இருக்கற ரைசோபியம் காத்துல 78 சதவீதம் இருக்கற நைட்ரஜனைப் பிடிக்குது, உண்மை. ஆனா அதைப் பக்கத்துச் செடிக்கு உடனே ஊத்திக் கொடுக்கறதில்லை. பிடிச்சது பயறுச்செடியோட இலை, தண்டு, விதைக்குப் போகுது. விதை முத்தும்போது பெரும்பங்கு அதுல ஏறிடும். பயறை அறுத்து வித்துட்டா அதோட போயிடும். இலையும் வேரும் மக்கின பிறகு அடுத்த பயிருக்குக் கொஞ்சம் கிடைக்கும். ஊடுபயிரால கிடைக்கற உடனடி லாபம், அது மண்ணுல இருக்கற தழைச்சத்துக்கு அதிகமாப் போட்டி போடாதுங்கறதுதான்.

முடிச்சு வேலை செய்யுதான்னு பார்க்கறது சுலபம். 30, 35 நாள்ல செடியைப் பிடுங்காம மண்வெட்டியால ஒரு கொத்து மண்ணோட எடுத்து, தண்ணியில அலசி, முடிச்சை நகத்தால பிளந்து பாருங்க. உள்ள இறைச்சி மாதிரி இளஞ்சிவப்பு இருந்தா நல்லா வேலை நடக்குது. அந்தச் சிவப்பு, நம்ம ரத்தத்துல இருக்கறதுக்கு உறவான ஒரு புரதம். ஆக்ஸிஜன் பட்டா நைட்ரஜனைப் பிடிக்கற நொதி கெட்டுப்போகும், அதனால ஆக்ஸிஜனைக் கட்டிப் பிடிச்சு அளந்து கொடுக்குது. வெள்ளையா இருந்தா வேலை தொடங்கலை, பச்சையா இருந்தா முடிஞ்சுடுச்சு. பக்கத்துல யூரியா அதிகம் விழுந்தாலும் செடி முடிச்சு கட்டாது. சும்மா கிடைக்கும்போது சர்க்கரையைச் செலவழிச்சு ஏன் பிடிக்கணும்? இப்ப நீங்க யூரியா கொடுக்கப் போற வயல்ல தட்டைப்பயறுக்கு வேலை இல்லை.

தழைச்சத்து வேணும்னா அறுவடைக்குப் பிறகு பசுந்தாள் விதைங்க. உங்க கரிசலுக்குத் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ, தண்ணி நின்னாலும் தாங்கும். செம்மண் காடுன்னா சணப்பை, ஆனா அதுக்குத் தண்ணி தேங்கக் கூடாது. பூ எடுக்கும்போது, சுமார் 45 நாள்ல, மடக்கி ஓட்டிடுங்க. பச்சையா 8 டன் வந்தா காஞ்ச எடை 1.6 டன், ரெண்டரை சதவீதம்னு வச்சா 40 கிலோ தழைச்சத்து. பூ தாண்ட விட்டா தண்டு நாராகி விகிதம் ஏறிடும். சணப்பையில அது ரொம்ப வேகம், அது நாருக்காகவே வளர்க்கற செடிதானே.

இன்னொண்ணு. ‘கார்பன் ஏத்துங்க, கார்பன் ஏத்துங்க’ன்னு எல்லா இடத்துலயும் கேக்குது. மண் பரிசோதனை முடிவு வர்ற மண்வள அட்டையில கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தா ‘குறைவு’ன்னு வரும், நம்ம பக்கம் நிறைய காடு அப்படித்தான். அதை 0.1 சதவீதம் உயர்த்தணும்னா என்ன வேணும்? ஏக்கருக்கு அரையடி ஆழ மண் சுமார் 9 லட்சம் கிலோ. 0.1 சதவீதம்னா 900 கிலோ கார்பன், அதுவும் மூச்சுல போனது போக மண்ணுல தங்கற கார்பன். மக்குப்பொருள்ல விகிதம் 10லிருந்து 12க்கு 1. ஆக அந்த 900 கிலோ தங்கறதுக்கு 75லிருந்து 90 கிலோ நைட்ரஜன் கூடவே தங்கணும். வெறும் நார்க்கழிவையும் தட்டையையும் கொட்டிக் கார்பன் ஏத்த முடியாததுக்கு இதுதான் காரணம். துணைக்கு நைட்ரஜன் இல்லாத கார்பன் காத்துக்கே போயிடும். அதே மாதிரி கார்பன் இல்லாத மண்ணுல போட்ட யூரியா நைட்ரேட்டாகித் தண்ணியோட கீழே இறங்கி நம்ம கிணத்துக்கே வரும். குடிதண்ணியில நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது. கிணத்துத் தண்ணியை ஒரு தடவை பரிசோதிச்சுப் பாருங்க, காட்டுல எவ்வளவு வீணாகுதுன்னு அதுலயே ஓரளவு தெரியும்.

உடுமலைக்காடு:

தெளிவாப் புரிஞ்சுதுங்க. கடைசியா ஒண்ணு. கதிர் ஒடிச்ச பிறகு மிஞ்சற தட்டையை மடக்கி ஓட்டினா மறுபடி இதே வெளுப்பு வருமா? பக்கத்துக் காட்டுல தீ வைக்கறாங்க.

பயிர்_டாக்டர்_கோபி:

தீ வைக்காதீங்க. கார்பன் முழுசும், தழைச்சத்துல பெரும்பகுதியும் புகையில போயிடும். சாம்பல்ல பொட்டாஷும் மணிச்சத்தும்தான் மிஞ்சும்.

மாட்டுக்குத் தட்டை வேணும்னா எடுத்துக்கங்க, பட்டிக்காரன் சொன்ன மாதிரி எருவைக் காட்டுக்குத் திருப்பிடுங்க. ஓட்டறதா இருந்தா கணக்கு இது: காஞ்ச தட்டை ஒரு டன்னுல கார்பன் 420 கிலோ, நைட்ரஜன் 7 கிலோ, விகிதம் 60க்கு 1. நுண்ணுயிருக்கு வேண்டியது 17.5 கிலோ, பற்றாக்குறை 10.5, யூரியாவா 23 கிலோ. ஏக்கருக்கு ரெண்டரை டன் தட்டை விழுந்தா 57 கிலோ. துண்டு துண்டா வெட்டி, அந்த யூரியாவைத் தட்டை மேல தூவி, உடனே ஓட்டி, ஒரு தண்ணி கட்டுங்க. இங்கே மட்டும் தூவறது சரி, ஏன்னா இப்ப யூரியா நுண்ணுயிருக்குத்தான் போகணும். பிறகு ஆறு வாரமாவது இடைவெளி விட்டு அடுத்த விதைப்பு. அந்த இடைவெளியில மண் காயாம ஈரம் இருக்கணும், காஞ்ச மண்ணுல எதுவும் மக்காது.

யூரியா வேண்டாம்னா தட்டையை ஓட்டின கையோட தக்கைப்பூண்டு விதைச்சுடுங்க. மண்ணுல நைட்ரஜன் குறைஞ்சிருக்கற நேரத்துலதான் அது முடிச்சு நல்லாக் கட்டும். 45 நாள்ல அதை மடக்கும்போது தட்டையும் ஓரளவு மக்கியிருக்கும். மடக்கிப் பத்துப் பதினஞ்சு நாள் விட்டு விதைங்க. நார்க்கழிவு இன்னும் அடியில இருக்கறதால அடுத்த பயிருக்கு அடியுரத் தழைச்சத்தை 25 கிலோவுக்குக் கீழே குறைக்காதீங்க. அந்தக் கெழக்கோரம் நாலு சாலையும் அப்படியே தனியாக் குறிச்சு வச்சு, அடுத்த போகத்துல அங்கேயும் மத்த இடத்துலயும் தனித்தனியா மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்க. கார்பன் எவ்வளவு ஏறியிருக்குன்னு நேரடியாத் தெரியும், இங்கே போட்டுவிடுங்க.